வாட்ஸப்பை விட்டு வெளியே போன 41 நாட்கள்

போன செமஸ்டர் ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மெஸ்ஸில் பூரி சாப்பிட்ட தெம்பில், வாட்ஸப் கணக்கை அழித்தேன். ஆப்பை மட்டும் தூக்கிவிட்டு இரண்டு நாளில் மறுபடி இறக்கிக்கொள்கிற கதை இல்லை. கணக்கையே அழித்தேன். அப்படிச் செய்தால் எல்லா குரூப்பிலிருந்தும் அதுவே நம்மை வெளியேற்றிவிடும். "இன்னார் வெளியேறினார்" என்று 34 குரூப்பின் அட்மின்களுக்கு ஒரே நேரத்தில் வரி வந்திருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் ஒரே நிமிஷத்தில் என்னைக் கவனித்தது அதுதான் முதல் தடவை :-)

பெரிய கொள்கை எல்லாம் ஒன்றும் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு யாரோ போடும் மீம், அதற்கு 60 சிரிப்பு, நடுவில் ஒரு அசைன்மென்ட் தேதி. அந்தத் தேதியைத் தேடப் போய் முக்கால் மணி நேரம் காணாமல் போகும். போதும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

41 நாள் தாக்குப்பிடித்தேன். 42ஆம் நாள் திரும்பி வந்தேன். வந்த அன்று நம் வகுப்பு குரூப்பில் கிடைத்த வரவேற்பை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். "சாமியார் இமயமலையிலிருந்து இறங்கிட்டார்" என்று ஒருத்தன். "மனசு வச்சா முடியும் மச்சி, உனக்கு மனசு இல்ல" என்று இன்னொருத்தன். முதலாவதை ரசித்தேன். இரண்டாவது தவறு. தவறு என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். முதல் பத்து நாள் சொர்க்கம். நூலகத்தில் எடுத்து வைத்து ஒரு மாதமாகத் திறக்காத புத்தகத்தை முடித்தேன். தூக்கம் நன்றாக வந்தது. அந்தப் பெருமையில் நாலு பேருக்கு அறிவுரையும் சொன்னேன் (மன்னிக்கவும்).

பதினொன்றாம் நாள் முதல் இன்டர்னல். பரீட்சை அறையை மாற்றியதை காலை ஏழரைக்கு வகுப்பு குரூப்பில் போட்டிருக்கிறார்கள். நோட்டீஸ் போர்டில் பழைய அறை எண்தான் ஒட்டியிருந்தது. நான் காலியான அறையில் இருபது நிமிஷம் தனியாக உட்கார்ந்திருந்தேன். பிறகு ஓடி, மூச்சு வாங்கி, மேற்பார்வையாளரிடம் கெஞ்சி உள்ளே போனேன். "குரூப் பாக்க மாட்டியா?" என்று கேட்டார். "குரூப்பில் இல்லை சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, சட்டை போடாமல் கல்லூரிக்கு வந்தவனைப் பார்ப்பது போல இருந்தது.

அன்றிலிருந்து என் அறை நண்பன் எனக்குத் தபால்காரன் ஆனான். குரூப்பில் முக்கியமானது எது வந்தாலும் வாயால் சொல்வான், இல்லாவிட்டால் எஸ்எம்எஸ் அனுப்புவான். இரண்டு வாரம் பொறுமையாகச் செய்தான். மூன்றாவது வாரம், "லேய், உனக்கு நிம்மதி வேணும்னு எனக்கு ஏம்ல வேலை வைக்கிற?" என்று கேட்டுவிட்டான். பதில் சொல்ல முடியவில்லை. அவன் சொன்னதுதான் உண்மை. நான் வாட்ஸப்பை விடவே இல்லை. என் வாட்ஸப்பை அவன் போனுக்கு மாற்றியிருந்தேன், அவ்வளவுதான்.

திரும்பி வந்ததற்கு அதுவும் காரணம் இல்லை. ஊரில் தாத்தாவை ஒரு ராத்திரி நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சித்தப்பா குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறார். சென்னையில் அத்தை, சவுதியில் பெரியப்பா மகன், எல்லாருக்கும் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. 60 கிலோமீட்டர் தள்ளி விடுதியில் இருக்கிற எனக்கு மறுநாள் சாயங்காலம் வழக்கமாக வீட்டுக்குப் போன் பண்ணும்போதுதான் தெரியும். அம்மா கோபப்படவில்லை. "ஏய்யா, குரூப்ல போட்டிருந்தாங்களே, நீ பாக்கலியா?" என்றார். ஒரு நொடி நிறுத்தி, "அட, நீதான் அதுல இல்லையே" என்றார். அவர்கள் எல்லாரும் ஒரு நாள் முழுக்க, எனக்குத் தெரியும், ஆனாலும் நான் ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

தாத்தா நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது பழையபடி திண்ணையில் சீட்டு ஆடுகிறார். நான் அன்று இரவே வாட்ஸப்பை மறுபடி இறக்கினேன்.

நிற்க. இது என் கதை. ஒருத்தன் கதையை வைத்து ஒரு முடிவுக்கு வரக்கூடாதுதான். ஆனால் இதையே நம் வயதுப் பிள்ளைகளிடம் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் லியோனார்டோ பர்ஸ்டின் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம், நாலு வாரம் உன் கணக்கை முடக்கி வைக்க எவ்வளவு பணம் தரவேண்டும் என்று கேட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் அங்கேயே இருக்கும்போது தான் மட்டும் விலகுவதற்கு, சராசரியாக டிக்டாக்குக்கு 59 டாலரும் இன்ஸ்டாகிராமுக்கு 47 டாலரும் கேட்டார்கள். சரி, உன் கல்லூரியில் எல்லாருமே சேர்ந்து விலகினால்? இப்போது கணக்கு தலைகீழாகிவிட்டது. அப்படி நடப்பதற்காகத் தாங்களே பணம் கொடுக்கத் தயார் என்றார்கள். டிக்டாக்குக்கு 28 டாலர், இன்ஸ்டாகிராமுக்கு 10 டாலர்.

இதை இரண்டு மூன்று தடவை படித்துப் பார்த்தேன். ஒரே ஆள்தான். ஒரே செயலிதான். தனியாகப் போ என்றால் காசு கேட்கிறான், எல்லாரும் போகலாம் என்றால் காசு கொடுக்கிறான். அதாவது அவனுக்கு அது பிடித்திருப்பதால் அங்கே இல்லை. மற்றவர்கள் இருப்பதால் இருக்கிறான். அந்த மற்றவர்களும் அதே காரணத்துக்காகத்தான் இருக்கிறார்கள். இதில் மனவுறுதி எங்கே வருகிறது? எல்லாரும் எழுந்து நின்று சினிமா பார்க்கும் கொட்டகையில் ஒருத்தன் மட்டும் உட்கார்ந்தால் அவனுக்குத் திரை தெரியாது. அவனைப் பார்த்து "உனக்கு உட்கார மனசு இல்லை" என்று சொல்வீர்களா?

"அப்படியானால் எல்லாரும் சேர்ந்து போகவேண்டியதுதானே?" என்று கேட்கலாம். நம் காலத்திலேயே இரண்டு தடவை பெரிதாக முயற்சி செய்து பார்த்தாயிற்று.

முதல் தடவை 2021 ஜனவரி. வாட்ஸப் புதிய தனியுரிமைக் கொள்கையைக் கொண்டுவந்து, பிப்ரவரி 8க்குள் ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் கணக்கு வேலை செய்யாது என்றது. ஒரே களேபரம். சிக்னலுக்குப் போங்கள் என்று ஈலான் மஸ்க்கே எழுதினார். வந்த கூட்டம் தாங்காமல் சிக்னல் ஒரு நாள் படுத்தேவிட்டது. டெலிகிராமில் 72 மணி நேரத்தில் 2.5 கோடிப் பேர் புதிதாகச் சேர்ந்ததாக அதன் நிறுவனர் பாவெல் துரோவ் அறிவித்தார். வாட்ஸப் பயந்துபோய் கெடுவை மே 15க்குத் தள்ளிவைத்தது. அப்புறம்? 2020இல் 200 கோடிப் பயனர்கள் இருந்த வாட்ஸப்புக்கு, 2025இல் 300 கோடிக்கு மேல் இருப்பதாக மார்க் ஸக்கர்பெர்க் சொன்னார். ஊரே காலி செய்துவிட்டுப் போன இடத்தில் 100 கோடிப் பேர் கூடியிருக்கிறார்கள்!

இரண்டாவது தடவை நமக்கு இன்னும் நெருக்கம். 2025 செப்டம்பர் கடைசியில் மத்திய அமைச்சர்கள் சுதேசிச் செயலிகளைப் பரிந்துரைக்க, ஸோஹோவின் 'அரட்டை' திடீரென்று பிடித்துக்கொண்டது. ஒரு நாளைக்கு 3,000 பேர் புதிதாகச் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் அது 3,50,000 ஆகிவிட்டது என்று ஸ்ரீதர் வேம்பு எழுதினார். தமிழ்ப் பெயர் வைத்த ஒரு செயலி இந்தியா முழுக்க ஆப் ஸ்டோரில் முதலிடத்தில் நின்றதைப் பார்க்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு அப்போது முழு மறையாக்கம் இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சண்டை போட்டார்கள். எங்கள் சித்தப்பா அதெல்லாம் கேட்கவில்லை. ஒரே நாளில் மொத்தக் குடும்பத்தையும் அதில் சேர்த்து, புதுக் குரூப் ஆரம்பித்து, பிள்ளையார் படம் போட்டுத் திறப்பு விழாவே நடத்தினார்.

ஒரு வாரம் இரண்டிலும் காலை வணக்கம் வந்தது. இரண்டாவது வாரம் அத்தை, "எதுல போட்டேன்னே மறந்து போகுது" என்றார். மூன்றாவது வாரம் அரட்டையில் சித்தப்பா மட்டும் பேசிக்கொண்டிருந்தார். பிறகு அவரும் நிறுத்திவிட்டார். செயலியில் ஒரு குறையும் இல்லை. அம்மாவின் பால்காரர் வாட்ஸப்பில் இருக்கிறார், தையல்காரர் வாட்ஸப்பில் இருக்கிறார், தம்பியின் பள்ளிக்கூடம் வாட்ஸப்பில் இருக்கிறது. ஒரு குடும்பம் ஒன்றாகக் கிளம்பினாலும் அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருத்தருக்கும் வெளியே நூறு கயிறு கட்டியிருக்கிறது. பால்காரருக்கும் நூறு கயிறு.

கூ நினைவிருக்கிறதா? ட்விட்டருக்குப் போட்டியாக 2020இல் வந்தது. 2021இல் ட்விட்டரோடு அரசு மோதிக்கொண்டிருந்தபோது அமைச்சர்கள் எல்லாம் போய்க் கணக்குத் தொடங்கினார்கள். ட்விட்டர் கணக்கை மூடிவிட்டா போனார்கள்? 2024 ஜூலையில் கூ இழுத்து மூடப்பட்டது.

இந்த இடத்தில் யாராவது கட்டாயம் ஆர்குட்டை இழுப்பார்கள். "அவ்வளவு பெரிய ஆர்குட்டே போயிடுச்சு, இதெல்லாம் எம்மாத்திரம்?" என்று. உண்மைதான். 2004இல் வந்து, பிரேசிலிலும் இந்தியாவிலும் கொடிகட்டிப் பறந்து, 2010 வாக்கில் இங்கே ஃபேஸ்புக்கிடம் தோற்று, 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. ஆனால் ஆர்குட்டில் என்ன இருந்தது என்று என் அக்காவைக் கேட்டேன். ஸ்கிராப், டெஸ்டிமோனியல், சினிமா நடிகர்களுக்குக் கம்யூனிட்டி. போனால் போகிறது என்று விட்டுவிடலாம். யாருடைய பரீட்சை அறை எண்ணும் ஆர்குட்டில் வரவில்லை. யாரும் தாத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததை ஸ்கிராப்பில் போடவில்லை. இன்றைக்குச் சென்னை மெட்ரோ டிக்கெட்டே 2023 மே மாதத்திலிருந்து வாட்ஸப்பில் வாங்கலாம். கேஸ் சிலிண்டரும் அப்படித்தான். (இவற்றுக்கு வேறு வழியும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நம் வகுப்புக்குத்தான் வேறு வழி இல்லை.) ஆர்குட் ஒரு டீக்கடை. வாட்ஸப் ஊருக்குப் போகிற ஒரே ரோடு. டீக்கடையை மாற்றுவதும் ரோட்டை மாற்றுவதும் ஒன்றா?

"சரிப்பா, எல்லாரும் ஓர் இடத்தில் இருப்பது வசதிதானே, ஏன் விலகணும்?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. எனக்கு வாட்ஸப் மேல் வெறுப்பு இல்லை. அம்மாவுக்குத் தட்டச்சு வராது. ஆனால் வாய்ஸ் மெசேஜில் புலி. அவர் அனுப்பும் மூன்று நிமிஷ வாய்ஸ் மெசேஜில் தெருவின் முழுச் செய்தியும், பின்னணியில் குக்கர் விசிலும் கேட்கும். அந்த 41 நாளில் நான் உண்மையிலேயே ஏங்கியது அதற்குத்தான்.

ஆனால் விலக முடியாத இடத்தில் பேரம் பேசவும் முடியாது. 2021 கொள்கையையே எடுத்துக்கொள்வோம். நம் தனிப்பட்ட செய்திகளைப் படிப்பதாக அதில் இல்லை. அது வீண் வதந்தி. பிரச்சினை, வாட்ஸப்பில் சேரும் மற்ற விவரங்களை மெட்டாவின் பிற நிறுவனங்களோடு பகிர்வது பற்றியது. முக்கியமாக, வேண்டாம் என்று சொல்லும் வழியே இல்லாமல் கொடுத்தது. ஏற்றுக்கொள், இல்லையேல் போ. இது நியாயமில்லை என்றுதான் இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. விளம்பரத்துக்காக இந்த விவரங்களைப் பகிர ஐந்து வருஷத் தடையும் விதித்தது. ஒரு வருஷம் கழித்து 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது, ஐந்து வருஷத் தடையை நீக்கிவிட்டது. வழக்கு எப்படி வேண்டுமானாலும் போகட்டும். "இல்லையேல் போ" என்று ஒருவரால் எப்போது தைரியமாகச் சொல்ல முடியும்? போக மாட்டார்கள் என்று தெரிந்தால்தானே.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. நம் மாநிலமே ஒரு தடவை செய்து காட்டியிருக்கிறது. 2018 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் பெரிய செல்போன் நிறுவனங்களில் ஒன்றாக இருந்த ஏர்செல் திடீரென்று படுத்துவிட்டது. டவர்கள் அணைந்தன. அந்த மாதக் கடைசியிலேயே திவால் மனு போட்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டியிருந்தது. 1900க்கு ஓர் எஸ்எம்எஸ் அனுப்பி எண் வாங்க வேண்டும், அதற்கே சிக்னல் இல்லை. கடைகளில் ஒரே கூட்டம், கூச்சல். பெரும்பாடுதான். ஆனால் மாறிவிட்டார்கள். அதே நம்பர். மாறிய பிறகு யாருக்காவது சொந்தக்காரர்களோடு பேச முடியாமல் போனதா? பால்காரர் ஒரு நிறுவனம், அம்மா இன்னொரு நிறுவனம், அதனால் பால் நின்றதா? இல்லை.

ஏன் என்றால் இரண்டு விஷயங்களைச் சட்டம் போட்டுச் செய்து வைத்திருந்தார்கள். ஒன்று, நம்பர் நம்முடையது. 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க வந்த வசதி இது. அப்போது கட்டணம் அதிகபட்சம் 19 ரூபாய். இரண்டாவது அதைவிட முக்கியம், ஆனால் அது ஒரு வசதி என்றே நமக்குத் தோன்றுவதில்லை. எந்த நிறுவனத்திலிருந்தும் எந்த நிறுவனத்துக்கும் போன் போகும். மின்னஞ்சலும் அப்படித்தான். ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு அனுப்பினால் போகிறது. அதனால்தான் ஒருத்தர் தனியாக மாற முடிகிறது. மற்ற எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. சித்தப்பா திறப்பு விழா நடத்தத் தேவையில்லை.

அரட்டையிலிருந்து வாட்ஸப்புக்கு ஒரு செய்தி போயிருந்தால் எங்கள் வீட்டில் பாதிப் பேர் இன்றைக்கும் அரட்டையில் இருந்திருப்பார்கள். இது கற்பனையும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் இதைத்தான் கேட்கிறது. 2024 மார்ச்சிலிருந்து, கேட்கும் மற்றச் செயலிகளுக்கு வாட்ஸப் அங்கே கதவைத் திறந்தாக வேண்டும். 2025 நவம்பரில் பேர்டிசாட், ஹைக்கெட் என்று இரண்டு சின்னச் செயலிகளை முதலில் இணைப்பதாக மெட்டா அறிவித்தது. பெயரே கேள்விப்பட்டதில்லை, இல்லையா? நானும்தான். எவ்வளவு பேர் அதற்கு மாறுவார்கள் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் மாறுகிறவர் தாத்தா செய்தியைத் தவறவிட மாட்டார். இந்தியாவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை "விட்டுவிடு, விட்டுவிடு" என்று ஒருத்தரை ஒருத்தர் உபதேசிப்பதை நிறுத்தலாம். நான் செய்த தவறும் அதுதான். அந்த உபதேசத்தைச் செய்ய முடிகிறவர், தனக்காக குரூப்பில் இருக்க யாரையோ வைத்திருக்கிறார். என் அறை நண்பனைப் போல ஒருத்தர். நிறைய வீடுகளில் அது மனைவி. பிள்ளைகளின் பள்ளி குரூப், குடியிருப்பு குரூப், சொந்தக்கார குரூப் எல்லாவற்றிலும் அவர் இருப்பார். ஐயா மட்டும் "நான் வாட்ஸப்பே பாக்கிறதில்ல சார்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவார்.

நம்மால் முடிந்த சின்ன விஷயம் ஒன்று இருக்கிறது. கயிறுகளைக் குறைப்பது. அம்மாவின் வாய்ஸ் மெசேஜ் வாட்ஸப்பில் இருக்கட்டும், மீமும் இருக்கட்டும். பரீட்சை அறை எண் எதற்கு அங்கே மட்டும் இருக்க வேண்டும்? கல்லூரி எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்திருக்கிறது. முதல் வருஷத்துக்கு அப்புறம் யாரும் திறப்பதில்லை. ஏன் என்றால் அதில் எதுவும் வருவதில்லை. தேதி, அறை, கட்டணம், பிளேஸ்மென்ட் ஆகிய நாலு அறிவிப்பு மட்டும் மின்னஞ்சலிலும் நோட்டீஸ் போர்டிலும் அதே நேரத்தில் வந்தால் போதும். குரூப்பில் இருப்பது அவரவர் விருப்பம் ஆகிவிடும். எனக்காக மட்டும் கேட்கவில்லை. நம் வகுப்பில் பட்டன் போன் வைத்திருக்கிற ஒருத்தர் இருக்கிறார். மூன்று வருஷமாக அவருக்கு யார் தகவல் சொல்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்தக் காலி அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் யோசித்தேன்.

துறைத்தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். வகுப்பில் 62 பேர். இதுவரை 19 கையெழுத்து. முதல் கையெழுத்து என் அறை நண்பனுடையது, அவன் காரணம் உங்களுக்கே தெரியும். வகுப்புப் பிரதிநிதி மட்டும், "ரெண்டு இடத்துல போடணுமா, எனக்கு டபுள் வேலைடா" என்று முனகிக்கொண்டிருக்கிறாள். அவளுக்காக வேண்டுமானால் மின்னஞ்சல் அனுப்பும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுக்கப்போகிறோம். அதற்குள் கையெழுத்துப் போட நினைப்பவர்கள் விடுதியில் என் அறைக்கு வரலாம், இரவு பதினொன்று வரை விழித்திருப்பேன். வேறு கல்லூரிகளில் படிப்பவர்கள், உங்கள் இடத்தில் இது எப்படி நடக்கிறது என்று சொன்னால் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்வேன்.